எல்லைக்கல்லில் யாம் பின்வாங்கிய காரணம்

நலம் நிறைக. மழை பருவம் தவறாது பெய்க. ஆற்றின் இரு கரையிலும் ஏர்கள் நில்லாது நடக்க.

சேந்தாற்றின் தென்கரை ஆளும் மருதவன நாட்டு அதிபதியும், கடம்பங்காட்டில் வேங்கையைத் தனித்து நின்று வாளால் வீழ்த்தியவரும், ஏழு போர்க்களம் புகுந்து ஏழிலும் புறமுதுகு காட்டாதவரும், மார்பில் பதினொரு விழுப்புண் தாங்கியவருமாகிய விசயமாவேள், தம் கோநகராம் திருக்கோடகத்து அரண்மனையில் அரியணை மீது வீற்றிருந்து திருவாய் மலர்ந்தருளிய ஓலை.

சேந்தாற்றின் வடகரை ஆளும் செங்குன்ற நாட்டு மன்னரும், சொன்ன சொல் பிறழாதவரும், வில்லில் வல்லவரும், விருந்தினரை எல்லைக்கே வந்து எதிர்கொள்ளும் பெருந்தகையுமாகிய சிங்கவரையர் திருமுன்பு இது காண்க. தங்களுக்கும், தேவியார் நீலவேணியாருக்கும், தங்கள் அவையோருக்கும், எம் ஆற்றங்கரைக்கு எதிரே இப்போது கூடாரமிட்டு இறங்கியிருக்கும் தங்கள் பெரும்படைக்கும் எம் வாழ்த்து உரித்தாகுக. எதிரே நிற்கும் படைக்கு வாழ்த்துச் சொல்லும் வழக்கமில்லை என்று எம் பேரமைச்சர் இளந்தேவனார் இடைமறித்துச் சொல்கிறார். ஆயினும் அவர்களுக்கும் எம் வாழ்த்துச் சேர்க.

மேலே கண்ட எம் விருதுப் பெயர்கள், எம் ஓலைநாயகம் தத்தன் மூலங்கிழான் வழக்கப்படி தாமே எழுதிக்கொண்டவை. அவற்றுள் புறமுதுகு பற்றிய ஒன்று இனி நில்லாது. ஏன் நில்லாது என்பதைச் சொல்லவே இவ்வோலை விடுக்கிறோம். எம் நாட்டில் ஓலை எழுதும் முறை தாங்கள் அறியாததன்று. பேரமைச்சரும் படைத்தலைவரும் அருகிருக்க மன்னன் உரக்கச் சொல்ல வேண்டும். ஓலைநாயகம் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். எழுத்தாணி கீறியதைச் சுரண்டவோ, ஓலையை மாற்றவோ கூடாது. ஆகையால் இடையிடையே வேண்டாத சொற்கள் புகுந்திருப்பின் பொறுத்தருள்க. யாம் இதற்கு முன் இத்தகைய செய்தி எதையும் சொல்லிப் பழகியதில்லை.

செய்தி யாதெனின், கடந்த ஆடித் திங்கள் முழுமதி நாளில், நம் பாட்டன்மார் விட்டுப்போன பகையை ஒரு வழியாக முடித்துக்கொள்ள எண்ணி, தாங்களும் யாமும் எல்லைக்கல்லின் அருகே கூடினோம். நட்பு நாடி வருபவன் கையில் வீட்டில் வளர்ந்த வெண்கோழி ஒன்றைக் கொடுப்பதும், அவன் அதை இரு கையாலும் ஏந்தி ஒன்பது அடி நடந்து கல்லைக் கடப்பதும், அதன்பின் இருவரும் உறவாவதும் செங்குன்றத்துத் தொன்று தொட்ட வழக்கம். தாங்கள் முகமலர்ச்சியோடு கோழியை நீட்டினீர்கள். யாமோ அதை வாங்காமல், இரண்டடி பின்னே துள்ளி, எம் படைத்தலைவர் முதுகின் பின் ஒதுங்கி, பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம். ஈராயிரம் பேர் பார்த்தார்கள்.

யாம் போன பின் அங்கே நடந்ததை எமக்குப் பிறகுதான் சொன்னார்கள். தாங்கள் திகைத்து நின்று, எமக்கு நேர்ந்தது என்ன என்று எம் பேரமைச்சரைக் கேட்டீர்களாம். அவரும் இமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல், அக்கோழிக்கு வாலில் மூன்று இறகு குறைவென்றும், குறையுள்ள பறவையைக் கையில் கொடுப்பது எம் குலத்தை இகழ்வதாகுமென்றும், அதனால்தான் யாம் வெகுண்டு சென்றோமென்றும் விடை பகர்ந்தாராம். அக்கோழியோ தேவியார் நீலவேணியார் தம் கையால் தீனி வைத்து, தம் முற்றத்தில் வளர்த்த கோழி. அதன்மேல் சொன்ன குறை தேவியார்மேல் சொன்ன குறையாயிற்று. வருகிற ஆவணி வளர்பிறைப் பத்தாம் நாளுக்குள் தக்க விடை வராவிடில் தங்கள் படை ஆற்றைக் கடக்கும் என்ற ஓலை எமக்கு வந்து சேர்ந்தது. தங்கள் சினத்தில் நியாயம் இருக்கிறது. எம் பக்கத்தில்தான் இல்லை.

உண்மை இதுவே. எமக்குக் கோழி என்றால் பயம்.

இவ்விடத்தில் எழுத்தாணி நின்றது. இதையும் ஓலையில் ஏற்ற வேண்டுமா என்று ஓலைநாயகம் பணிவோடு கேட்கிறார். ஏற்றுக. பேரமைச்சர் இருமுகிறார். அதையும் ஏற்றுக. அச்சம், கலக்கம், ஒவ்வாமை என்று சற்றுப் பெருந்தன்மையான சொல் ஏதேனும் போடலாமே என்கிறார் அவர். வேண்டா. பயம் என்றே நிற்கட்டும். சேவலும் கோழியும் குஞ்சும் எல்லாம் எமக்குப் பயம். அவற்றுள் கோழி சற்றுக் கூடுதல்.

இதற்குக் காரணம் கேட்டால் எமக்குச் சொல்லத் தெரியவில்லை. சிறு வயதில் ஏதேனும் கோழி கொத்தியதா என்று எம் தேவியார் பலமுறை கேட்டிருக்கிறார். கொத்தவில்லை. கொத்தியிருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். வேங்கை வரும்போது வருகிறது என்று தெரிகிறது. அதன் எண்ணமும் தெரிகிறது. கோழி அப்படியன்று. அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் எம்மைப் பார்க்கும். பிறகு மறுபுறம் சாய்த்து மற்றக் கண்ணாலும் சரிபார்க்கும். சும்மா நிற்பது போல் நின்று திடீரென்று சிறகை அடிக்கும். அடுத்த நொடி அது எங்கே இருக்கும் என்பது அதற்கே தெரியாது. இதை எழுதச் சொல்லும்போதே எம் உள்ளங்கை வேர்க்கிறது.

எல்லைக்கல்லுக்கு யாம் பழகாமல் வந்தோம் என்று எண்ண வேண்டா. வழக்கம் இன்னதென்று அறிந்த நாள் முதல், ஆனித் திங்கள் முழுவதும், எம் மாளிகை உள்கூடத்தில் கதவை அடைத்துக்கொண்டு, பஞ்சுத் தலையணை ஒன்றை இரு கையாலும் ஏந்தி ஒன்பது அடி நடந்து பழகினோம். எம் தேவியார் அடிகளை எண்ணுவார். முதலில் வெறுந்தலையணை, பின்னர் இறகு செருகிய தலையணை, கடைசி நாட்களில் தேவியார் தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கொக்கொக் என்று ஒலியும் எழுப்பிப் பார்த்தார். யாம் அஞ்சாமல் நடந்தோம். வெற்றி பெற்றோம் என்றே நினைத்தோம். ஆனால் தலையணை எந்த நாளும் எம்மைத் திரும்பிப் பார்த்ததில்லை. தங்கள் கையிலிருந்த கோழி பார்த்தது.

முடி சூடிப் பதினான்கு ஆண்டாயிற்று. இப்பதினான்கு ஆண்டும் இதை மறைப்பதற்கு யாம் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் இன்னோர் ஏரி வெட்டியிருக்கலாம். கோட்டைக்குள் கோழி வளர்க்கலாகாது என்று முதலாண்டிலேயே ஆணையிட்டோம். கூட்டில் அடைபடும் உயிர்களின்மேல் மன்னர் கொண்ட கருணை அது என்று மக்கள் தாமே சொல்லிக்கொண்டார்கள், யாம் மறுக்கவில்லை. அதைப் பாராட்டி அவைப்புலவர் நூறு பாட்டுப் பாடினார். யாமும் வெட்கமில்லாமல் பரிசில் கொடுத்தோம். விடியலில் கூவச் சேவல் இல்லாததால் நகரத்தார் முரசறைவோரை நம்பி எழுகிறார்கள். அவர் உறங்கிப்போனால் ஊரே உறங்குகிறது.

எமக்கு வந்தது சிரிப்பதற்குரிய பயம். அது எமக்குத் தெரியும். சிரிப்பார்கள் என்பதால்தான் மறைத்தோம். மறைத்தது எங்கே கொண்டுவந்து விட்டது என்பதையும் கேட்டருள்க.

தங்கள் ஓலை வந்தபின் எம் போர்மன்றம் மூன்று நாள் கூடிற்று. முதல் நாள் அக்கோழிக்குக் குறைந்த இறகு மூன்று. மறுநாள் அது ஏழாயிற்று. மூன்றாம் நாள் அது ஒரு கண் குருடாகி, கால் நொண்டியாகி, மாலைக்குள் நஞ்சூட்டிய கோழியாகவே ஆகிவிட்டது. யாரும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்தார், அவ்வளவே. அவைப்புலவர் போர்ப்பரணிக்குத் தலைப்பும் வைத்துவிட்டார். ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். யாம் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தோம்.

நான்காம் நாள் படை திரட்டும் களத்தைப் பார்வையிடச் சென்றோம். அங்கே பழவேற்காட்டூரான் வில்லி என்னும் காலாள் ஒருவன், வேல் வாங்கும் வரிசையில் நின்றபடி தன் குழுத்தலைவனிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். தனக்கு ஆவணி இருபத்திரண்டில் மணநாள் குறித்திருப்பதாகவும், அதற்குள் போர் முடிந்துவிடுமா என்பது தெரிந்தால் பெண் வீட்டாருக்குச் சொல்லியனுப்ப வசதியாக இருக்குமென்றும், முடியாதென்றால் தனக்காகக் காத்திருக்க வேண்டாமென்று சொல்லிவிடலாமென்றும் அவன் சொன்னான். அவன் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. பந்தக்கால் நடுவதைப் பற்றிப் பேசுவது போலவே பேசினான். யாம் பின்னால் நிற்பதை அவன் அறியான்.

அவன் எதற்காகச் சாகப் போகிறான் என்பது அந்தக் களத்தில் எமக்கு ஒருவருக்குத்தான் தெரியும். அங்கிருந்து அரண்மனைக்கு யாம் எப்படி வந்தோம் என்பது நினைவில்லை.

எம் தேவியாரிடம் இதைச் சொன்னோம். உண்மையைத் தங்களுக்கு எழுதிவிடலாம் என்று அவர் சொன்னார். அதைவிடப் போரே மேல், போரில் எமக்குப் பழக்கம் உண்டு என்று யாம் மறுத்தோம். அதற்கு அவர், ஆயிரம் பெண்கள் தாலி இழப்பதும் ஓர் ஆண்மகன் நாணப்படுவதும் தராசின் இரு தட்டில் இருக்க, எது கனம் என்று தாம் இத்தனை ஆண்டு கட்டிக்கொண்டு வாழ்ந்த மன்னருக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஆனித் திங்களில் பழகிய தலையணையை எடுத்து எம் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எமக்கு அழுகை வந்தது. அதன்பின்தான் ஓலைநாயகத்தை அழைத்துவரச் சொன்னோம்.

இவ்வளவு சொல்லி முடித்த இந்நேரம், யாம் எதிர்பாராத ஒன்று இங்கே நிகழ்கிறது, அதையும் எழுதுக. எம் படைத்தலைவர், மதயானையின் கொம்பைப் பிடித்து நிறுத்திய கடம்பன் விழுப்பரையர், முன்னே வந்து, வாளைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தமக்குத் தவளை என்றால் ஆகாது என்று விண்ணப்பம் செய்கிறார். தொடவும் வேண்டாமாம், ஈரத்தரையில் எங்கோ ஒன்று தத்தும் ஓசை கேட்டாலே அவர் திண்ணைமேல் ஏறிவிடுவாராம். மழைக்காலத்தில் படையெடுப்பு ஆகாது என்று இருபது ஆண்டுகளாக அவர் எமக்குச் சொல்லி வந்த போர்நுட்பத்தின் உட்பொருள் இப்போதுதான் எமக்கு விளங்கிற்று. ஆவணியில் ஆற்றங்கரைப் போர் என்று முடிவான நாளிலிருந்து அவர் சரியாக உண்ணவுமில்லையாம். நாட்டுப்பற்றால் வாடுகிறார் என்று யாம் எண்ணியிருந்தோம்.

அவர் சொல்லி வாய் மூடுமுன், எழுதிக்கொண்டிருக்கும் ஓலைநாயகமே தலை நிமிர்ந்து, தமக்குச் சவரக்கத்தி பயம் என்கிறார். அவருடைய நீண்ட தாடியைச் சிவநெறி நோன்பு என்று ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. இதை எழுதும்போது அவர் கை சிறிதும் தயங்கவில்லை. மாறாக எழுத்துகள் முன்னைவிட அழகாக விழுகின்றன.

எஞ்சியவர் பேரமைச்சர். தமக்கு அப்படி ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னார். மூவரும் அவரையே பார்த்தோம். பின்பு அவர், அவை நடுவே ஒருவர் கேள்வி கேட்டு, அதற்கு விடை தெரியாமல் தாம் நிற்க நேர்வதே தமக்குப் பயமென்றும், அந்த நேரத்தில் வாயில் எது வருகிறதோ அது வந்துவிடுமென்றும், எல்லைக்கல்லில் தாங்கள் கேட்டபோது வந்தது மூன்று இறகு என்றும் சொன்னார். பிறகு இதை மட்டும் எழுத வேண்டாமே என்றார். எழுத்தாணி முன்னரே கீறிவிட்டது. அவர்மேல் எமக்கு இருந்த கோபம் அப்போதே போயிற்று. எம் பயத்துக்குத் துணையாக அவர் பயம் ஓடிவந்திருக்கிறது; இரண்டும் சேர்ந்து இரண்டு படைகளை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டன.

மன்னரே, பகைநாட்டுக்கு விடுக்கும் ஓலையில் மன்னன் தன் குறையையும், படைத்தலைவன் குறையையும், அமைச்சன் குறையையும் எழுதித் தருவது எந்த அரசநூலிலும் இல்லை. இவ்வோலையைப் படித்தபின் தாங்கள் முன்வரிசையில் கோழிக்கூடுகளையும் பின்வரிசையில் தவளைக்குடங்களையும் வைத்துப் படை நடத்தினால், திருக்கோடகம் அரை நாளில் தங்கள் கைக்கு வந்துவிடும். தாங்கள் அதைச் செய்யமாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறோம்.

தேவியார் நீலவேணியாருக்கு எம் தனி விண்ணப்பம். அக்கோழியிடம் குறை ஏதும் இல்லை. யாம் அதை நன்றாகவே பார்த்தோம். பயந்தவன் பார்ப்பது போல் வேறு யாரும் பார்ப்பதில்லை. வாலிறகு நிறைவாக இருந்தது. கொண்டை செவ்வையாக இருந்தது. கால்கள் மஞ்சள் பூசியது போல் தூய்மையாக இருந்தன; வலக்கால் நகங்களை யாம் இன்றும் எண்ணிச் சொல்லுவோம். மிக நன்றாக வளர்க்கப்பட்ட கோழி அது. அதனாலேயே அவ்வளவு துடிப்பாக இருந்தது. தங்கள் கையால் தீனி உண்ட உயிரின்மேல் எம் அவையில் விழுந்த அத்தனை பழியும் பொய். அவற்றுக்காக யாம் தலை தாழ்த்துகிறோம்.

இனி யாம் வேண்டுவது. ஆவணி வளர்பிறைப் பத்தாம் நாள் படை ஆற்றைக் கடக்க வேண்டா. அந்நாள் காலையில் யாம் வேலும் வில்லும் இன்றி, எம் தேவியாரோடும் இம்மூவரோடும் எல்லைக்கல்லுக்கு மீண்டும் வருவோம். தங்கள் வழக்கப்படி கோழியைக் கொடுத்தருள்க. வேறு பறவையோ, வேறு சடங்கோ வேண்டா. அதே கோழி வருவதே முறை. அதன் கால்களை மட்டும் மெல்லிய துணியால் கட்டி, முகத்தைத் தங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக் கொடுத்தால் அதைப் பேருதவியாகக் கொள்வோம்.

அவ்வேளையில் எம் கை நடுங்கும். அதைச் சினம் என்று கொள்ள வேண்டா. யாம் கண்ணை மூடிக்கொள்வோம். அதை இகழ்ச்சி என்று கொள்ள வேண்டா. கோழி சிறகடித்தால் யாம் கத்தவும் கூடும். அதைப் போர்முழக்கம் என்று கருதித் தங்கள் வில்லாளர் நாணேற்ற வேண்டா என்று முன்னதாகவே அவர்களுக்குச் சொல்லி வைத்தருள்க. தங்கள் வீரர்கள் சிரிக்க விரும்பினால் தாராளமாகச் சிரிக்கட்டும். ஒன்பது அடியும் நடந்து முடிப்போம். எத்தனை நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் எம்மால் இப்போது உறுதி சொல்ல இயலாது. தங்களுக்கு வெயில் படாதபடி குடை எடுத்து வருக.

எம் நாட்டாருக்கும் இவ்வோலை வழியே ஆணை பிறப்பிக்கிறோம். திரட்டிய படை இன்றே கலைக. வாங்கிய வேல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரவர் ஊர் செல்க. பழவேற்காட்டூரான் வில்லிக்கு, ஆவணி இருபத்திரண்டில் மணம் நிகழும் என்றும், பெண் வீட்டார் பந்தல் போடத் தொடங்கலாம் என்றும் அரண்மனை ஆள் நேரில் சென்று சொல்லுக. கோட்டைக்குள் கோழி வளர்க்கலாகாது என்ற பழைய ஆணை இன்றோடு நீங்குக. எம் மாளிகைத் தெரு மட்டும் இன்னும் சிறிது காலம் விலக்கு. இவ்வோலையின் படி ஒன்று நகர்ச் சதுக்கத்தில் யாவரும் கேட்கப் படிக்கப்படுக. பொய்யை ஊரறியச் சொன்னோம். மெய்யை ஒளித்துச் சொல்வது சரியன்று. தங்கள் அவையிலும் உரக்கப் படிக்கச் செய்ய வேண்டுகிறோம்.

இது சொல்லக் கேட்டு எழுதினேன் ஓலைநாயகம் தத்தன் மூலங்கிழான். இது கேட்டு உடனிருந்தேன் படைத்தலைவன் கடம்பன் விழுப்பரையன். இது கேட்டு உடனிருந்தேன், சில இடங்களில் உடன்படாதும் இருந்தேன், பேரமைச்சன் இளந்தேவன்.

முத்திரை பற்றி ஒரு சொல். எம் குலத்து முத்திரை சேவல் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது எம் பாட்டனார் தெரிந்தெடுத்தது. எம்மைக் கேட்டுச் செய்ததன்று. முடி சூடிய நாள் முதல் அந்த அச்சை யாம் தொட்டதில்லை. பட்டில் சுற்றிப் பேரமைச்சரிடமே இருக்கும். யாம் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவரே பதிப்பார். வெண்கலச் சேவல் கொத்தாது என்பது எமக்குத் தெரியும். தெரிந்து ஆவதென்ன. இன்று பட்டை அவிழ்த்து, எம் கையாலேயே எடுத்து, எம் கையாலேயே இவ்வரக்கில் பதித்தோம். சேவல் ஒருபுறம் சாய்ந்து, கொண்டை கலைந்து, இரட்டையாய் விழுந்திருப்பதைக் காண்பீர்கள். அச்சில் பழுதில்லை, ஓலையும் பொய்யோலை அன்று. கை நடுங்கிற்று. ஆயினும் கீழே போடவில்லை.

விசயமாவேள்.